பழைய புலப்படத்தில் 152, 125: இது என்ன அளவு?

மேடவாக்கத்தான்:
மேடவாக்கத்தில் தாத்தா வாங்கிப் போட்ட இடம், ஏறக்குறைய நீள்சதுரம். பத்திரத்தில் 19 சென்ட். பழைய புலப்பட (நிலத்தின் எல்லை அளவுகள் போட்ட வரைபடம்) நகலில் ஒரு பக்கம் 152, அடுத்தது 125 என்று மட்டும் இருக்கிறது. அடியா மீட்டரா என்று போடவில்லை. தரகர் அடிதான் என்று சாதிக்கிறார். அப்படியானால் 19,000 சதுர அடி, எட்டு கிரவுண்டை (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) நெருங்குகிறது. சென்ட் 435.6 சதுர அடி என்று வகுத்தால் 43 சென்ட்டுக்கு மேல் போகிறது. அவ்வளவு இடம் அங்கே சத்தியமாக இல்லை. மீட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

சிவில்காரன்:
லிங்க் கணக்காக இருக்கும். நிலம் அளக்கும் சங்கிலியான செயின் 100 அடி, அதில் 100 லிங்க், அதாவது கண்ணி. ஆக லிங்க்கும் அடியும் ஒன்றுதான். தரகர் சொல்வது சரி.

ஓய்வுபெற்ற செயின்மேன்:
லிங்க்தான் தம்பி, ஆனால் சிவில் சார் சொல்வது என்ஜினியர் செயின். நிலம் அளந்தது கண்டர் செயினில். 1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்தது: 66 அடி, 100 லிங்க். ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 7.92 அங்குலம். சேப்பாக்கம் பிட்ச் 22 கஜம் இல்லையா, அதுவும் சரியாக ஒரு செயின்தான்.

உங்கள் பக்கங்கள் 100.32 அடி, 82.5 அடி. பெருக்கினால் 8,276.4 சதுர அடி, மூன்றரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. இதற்கு அடிக்கு மாற்றவே வேண்டியதில்லை. 10 சதுர செயின் ஒரு ஏக்கர், ஒரு ஏக்கருக்கு 100 சென்ட், அதனால் 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். நீங்கள் பெருக்கிய 19,000-இல் மூன்று சைபரை அடியுங்கள். 19 சென்ட்!

பரங்கிமலைவாசி:
கொசுறுத் தகவல்: 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (அளவைக்கு ஆதாரமான முதல் கோடு) அளந்த செயினும் 100 அடிதான், ஆனால் 40 லிங்க், ஒவ்வொன்றும் இரண்டரை அடி. உங்கள் பட்டாவுக்குச் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

மேடவாக்கத்தான்:
நன்றி ஐயா. இப்போது டேப் போட்டால் 100.32 அப்படியே வருமா?

ஓய்வுபெற்ற செயின்மேன்:
அப்படியே வராது. பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முதல் பத்துக்கு ஒரு பல், இருபதுக்கு இரண்டு பல், நடுவில் ஐம்பதுக்கு மட்டும் வட்டம். அதைப் பார்த்துத்தான் எண்ணுவோம். இழுத்து இழுத்து வளையங்கள் வாய் திறந்துகொள்ளும், மத்தியான வெயிலில் கம்பியும் கொஞ்சம் நீளும். அரை அடி முன்னே பின்னே இருந்தால் பதறாதீர்கள், கல்லிலிருந்து கல்லுக்கு அளக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டா இருந்தால் அதையும் பாருங்கள். அது ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கு. 19 சென்ட் என்றால் ஏறக்குறைய 7.69 ஏர் வரணும்.

மேடவாக்கத்தான்:
பார்த்துவிட்டேன் ஐயா, 0 - 7.69 என்றுதான் இருக்கிறது. தரகருக்குப் போன் போடுகிறேன்.