கல் கொட்டுவதா, சவுக்கு நடுவதா, மேட்டை விட்டுவிடுவதா? எங்கள் ஊர்க் கடற்கரைக்கு யோசனை வேண்டும்

கரைவாசல்:
எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீனவ கிராமம், பெயர் வேண்டாம். கடற்கரையை மேம்படுத்தக் கொஞ்சம் பணம் வரும்போல இருக்கிறது. போன வாரம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து கோயில் திண்ணையில் விரித்துக் காட்டினார்கள். கரை நெடுகக் கருங்கல், அதை ஒட்டிப் பேவர் பிளாக் நடைபாதை, புல்தரை, சிமெண்டு பெஞ்சு, கடைசியாக ஒரு வரிசை சவுக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடைபாதை போகவேண்டுமென்றால் இப்போதிருக்கும் மணல் மேட்டை வெட்டி மட்டப்படுத்த வேண்டுமாம். "அது சும்மா கிடக்கிற மண்ணுதானே" என்றார் படம் போட்டவர்.

2004-ஐப் பார்த்தவர்கள் கல் இருந்தால்தான் தூக்கம் வரும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா மட்டும் "மேட்டை வெட்டிட்டா புயலுக்குப் படகை எங்க ஏத்துறது" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவுக்குள் வரும் தண்ணீர் கடல் தண்ணீர் இல்லை, மேற்கே வயல் பக்கமிருந்து வடிந்து வருவது. வரைபடத்தில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. நான் சிவில் படித்தவன்தான், ஆனால் வீடு கட்டும் வேலையோடு சரி, கடல் கணக்கு தெரியாது. அலையாத்தி நடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். எது சரி?

துறைமுகத்தூசி:
தம்பி, கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன், செடி கொடி எனக்குத் தெரியாது. நம் கரையில் மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவம் முழுக்க வடக்கே போகும், வாடைக் காலத்தில் சில மாதம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே எதை நீட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். மெரினா இவ்வளவு அகலமானது சென்னைத் துறைமுகத்தால்தான், ராயபுரம் பக்கம் கரை போனதும் அதே துறைமுகத்தால்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் நீட்டினார்கள், நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போயிற்று. அதைக் காப்பாற்றக் கரையோரம் கல் கொட்டினார்கள், அரிப்பு அப்படியே வடக்கே குப்பங்களுக்கு நகர்ந்தது. அப்புறம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் பெரிய இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கி, மணலும் கொட்டிய பிறகுதான் கால் வைக்க மணல் கிடைத்தது.

உங்கள் படத்தில் இருப்பது கரைக்கு இணையான கல். அதில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும், கல் இறங்கும், மறுபடி கல் கொட்ட வேண்டும். கல் முடிகிற இடத்தில் அடுத்த ஊர்க்காரன் வீட்டுக்கு அரிப்பு ஆரம்பிக்கும். முதலில் கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து உங்கள் கரை உள்ளே வருகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு வருஷங்களின் ஒரே மாதத்துப் படங்களாக எடுங்கள், இல்லாவிட்டால் மார்கழிக் கரையையும் ஆனிக் கரையையும் ஒப்பிட்டு ஏமாந்துபோவீர்கள்.

குப்பத்துக்காரன்:
எல்லாம் சரி அண்ணே. எங்கள் ஊரில் கடலைப் பார்த்த மூன்று வரிசை வீடு இப்போது இல்லை. கொடி நட்டு வளரும்வரை அலை காத்திருக்குமா? தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) கேட்டு நாங்கள் மறியல் செய்தபோது கல் கெடுதல் என்று யாரும் வந்து சொல்லவில்லை.

துறைமுகத்தூசி:
நீங்கள் சொல்வது நியாயம். வாசலுக்கு வந்த கடலுக்குக் கல்தான், வேறு வழி எனக்கும் தெரியாது. ஆனால் கேட்டவர் ஊரில் மேடு இன்னும் நிற்கிறது. காலில் முள் குத்தாதவனுக்கு எதற்கு ஆபரேஷன்?

அடும்பு:
"சும்மா கிடக்கிற மண்" என்பதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேடு ஒரு சேமிப்பு. புயல் அலை அடிவாரத்தைக் கரைத்து மணலைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும், அது கரைக்குச் சற்று முன்னால் திட்டாகப் படிந்து, பின்னால் வரும் அலைகளை அங்கேயே உடைக்கும். கடல் அடங்கிய மாதங்களில் மணல் மெல்லக் கரைக்குத் திரும்பும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது பிடித்து நிறுத்துவது மணலில் படரும் அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். (சின்ன வயதில் ராவணன் மீசை உருண்டைகள் காற்றில் உருண்டு ஓட, நாங்கள் பின்னால் ஓடியது ஞாபகம் வருகிறது. அது விளையாட்டு இல்லை, விதை பரப்புகிறது என்று பிறகுதான் தெரிந்தது.) பேவர் பிளாக் பதித்த இடத்தில் இதெல்லாம் எப்படி நடக்கும்?

சவுக்கு கெட்டது என்று சொல்ல மாட்டேன். வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,244 கன்று நட்டுக் கின்னஸில் இடம்பிடித்தார்கள், சுனாமியில் அந்தத் தோப்பு ஊரைக் காத்தது என்றே அங்கே சொல்வார்கள். கடலுக்கும் ஊருக்கும் உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் முக்கியக் காரணம், மரம் இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு அந்தப் பக்கம் சவுக்கும் தென்னையும் விழுந்து கிடந்ததையும் பார்த்தோம். என் பயம் வேறு. மேட்டின் முகத்திலேயே நெருக்கி நட்டால் நிழலும் சருகுமாக அடும்பு செத்துப்போகும், தை மாசியில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைக்கும் இடம் இருக்காது. மேட்டுக்குப் பின்னால், ஊர்ப் பக்கமாக நடுங்கள். சவுக்கு மட்டும் வேண்டாம், புன்னை, பூவரசு, தாழை, பனை என்று கலந்து.

அலையாத்தி திறந்த மணல் கரையில் பிழைக்காது. சேறும், ஏறி இறங்கும் ஓதத் தண்ணீரும் வேண்டும். பிச்சாவரத்தில் அழிந்த காட்டை மீட்டபோது முதல் வேலையே மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, தேங்கி உப்பேறிக் கிடந்த பள்ளங்களுக்குள் ஓதத்தைக் கொண்டுபோனதுதான். கன்று நட்டது அப்புறம்.

கரைவாசல்:
ஊருக்குத் தெற்கே ஒரு வடிகால் வாய்க்கால் கடலில் சேருகிறது. கோடையில் மணல் மூடிவிடும், ஐப்பசியில் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை நாங்களே வெட்டிவிடுவோம். வரைபடத்தில் கல் அதன் மேலேயே போகிறது, ஒரு குழாய் போடுவார்களாம்.

வாவிக்கரை:
மட்டக்களப்பில இருந்து எழுதுகிறேன். எங்கட வாவிக்கும் முகத்துவாரம் இருக்கு, மழைக்கு நீர் ஏறினால் வெட்டித்தான் விடுவார்கள், எப்ப வெட்டுவது என்று வயல்காரருக்கும் மீன்பிடிக்கிற ஆட்களுக்கும் ஒவ்வொரு தடவையும் பேச்சுவார்த்தைதான். மணல் வருஷா வருஷம் இடம் மாறும், குழாய் மாறாது. இரண்டு மாரியில் அது மண்ணடைத்துப் போகும். வாயைத் திறந்தே விடச் சொல்லுங்கோ.

சுனாமிக்குப் பிறகு இங்கே கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் 100 மீட்டர். பிறகு தளர்த்திவிட்டார்கள். உயிருக்கு அது நல்லதுதான், ஆனால் வள்ளமும் வலையும் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்றால் ராத்திரி எஞ்சினுக்கு யார் காவல்? வலை காயப்போடும் இடம், மீன் உலர்த்தும் இடம், வள்ளம் ஏற்றும் பாதை எல்லாவற்றையும் முதலில் வரையச் சொல்லுங்கோ. பெஞ்சு மிஞ்சின இடத்தில் இருக்கட்டும்.

மட்டப்பலகை:
இரண்டு விஷயம். ஒன்று, 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணல் மேடும் ஆமை முட்டையிடும் இடமும் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன, உயிரோட்டமுள்ள மேட்டை வெட்டி மாற்றுவதற்கே தடை இருக்கிறது. கூட்டத்தில் இதைக் கேளுங்கள், படத்தைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். இரண்டாவது, நடைபாதையின் மட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று கேட்டீர்களா? கேட்டால் இரண்டு அடிதானே என்பார்கள். மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அது அணை. கடலைத் தடுக்கப் போய் ஊரைக் குளமாக்கிவிடாதீர்கள்.

கரைக்குப் போக வழி வேண்டுமென்றால் மேட்டை நேராக வெட்டாமல் சாய்வாக வளைத்து ஓர் இடைவெளி விடுங்கள். நேர் வழியில் காற்றும் அலையும் ஊருக்குள் வரும். மேட்டின் மேல் நடக்க மரக்கால் நட்டு உயர்த்திய பலகைப் பாதை போதும், கீழே மணலும் கொடியும் அதன் பாட்டுக்கு இருக்கும்.

கரைவாசல்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவல் எடுத்துக்கொண்டு பெரியப்பாவோடு நடந்தேன். கிழக்குத் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் கார்த்திகை வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. நடைபாதைக்குப் போட்டிருக்கும் மட்டம் அந்தக் கறைக்கு நான்கு விரல் மேலே வருகிறது. மட்டப்பலகை சொன்னது அப்படியே. கூகுள் எர்த்தில் பிப்ரவரிப் படங்கள் மூன்று கிடைத்தன, கரை பெரிதாக நகரவில்லை, கல்லுக்கு அவசரம் இல்லை என்று காட்ட அது போதும் என்று நினைக்கிறேன்.

மேட்டை அப்படியே விட்டு, வாய்க்கால் வாயைத் திறந்து வைத்து, தெருவிலிருந்து வாய்க்காலுக்கு ஒரு வடிகால் இழுத்து, புதிதாக ஒரு படம் போட்டுப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வடக்கால படகு ஏத்துற வழி எங்கடா?" என்றார். அழித்துவிட்டு மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.