பொருள்: வென்டிலேட்டரில் சளி எடுக்கும் இரு முறைகளுக்குச் சொல் வேண்டும்

செவிலியப் பயிற்றுநர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். ஐசியூவில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வென்டிலேட்டர் எனும் செயற்கை சுவாசக் கருவியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சளியை உறிஞ்சி எடுக்க, கிருமி நீக்கிய கையுறையோடு புது உறிஞ்சுக்குழாயை உள்ளே விடுவது ஓப்பன் சக்‌ஷன். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் குழாய் இணைப்போடு சேர்ந்தே இருந்தால், கழற்ற வேண்டாம். அது குளோஸ்டு சக்‌ஷன். 'திறந்த உறிஞ்சல்', 'மூடிய உறிஞ்சல்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மூடிய உறிஞ்சல் என்றால் சக்‌ஷனை நிறுத்திவிடுவது என்று பலர் எழுதிவிட்டார்கள். வேறு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்:
அம்மா, முதலில் 'உறிஞ்சுக்குழாய்' என்பதில் அந்த 'க்' வேண்டாம். உறிஞ்சிய, உறிஞ்சுகின்ற, உறிஞ்சும் குழாய் என்று விரிவதால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. உறிஞ்சுகுழாய். 'சளி' ஜலதோஷத்துக்கும் வரும், ஆகவே கோழை. இனி உங்கள் கேள்வி: கழற்றுறிஞ்சல், கழற்றாவுறிஞ்சல். பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வகர உடம்படுமெய் பெற்றது.

மருத்துவர், யாழ்ப்பாணம்:
ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் வார்டில் யார் சொல்வார்கள்? மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். மாணவர்கள் படித்து வைத்தியர் ஆனார்கள். ஓப்பன், குளோஸ்டு என்றே விடலாம்.

தமிழாசிரியர், கும்பகோணம்:
கிறீன் தமிழ்ச் சொல் தேடியும் உழைத்தவர். அதையும் சொல்லுங்கள்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை:
'உறைவழி உறிஞ்சல்' எப்படி? வாளுறை, தலையணையுறை வரிசையில் சட்டென்று விளங்கும்.

செவிலியப் பயிற்றுநர், மதுரை:
'உறைவழி' அழகுதான். ஆனால் கையுறையும் உறைதானே என்று கேட்பார்கள். 'கழற்று', 'கழற்றா' ஓரெழுத்தில் மாறுகின்றன. எனக்கு அதுதான் பயம். நுரையீரல் மோசமாகி, மூச்சை விட்ட பிறகும் உள்ளே அழுத்தம் நிற்கும்படி வைத்திருப்பவரிடம் இணைப்பைக் கழற்றினால் அந்த அழுத்தம் போய்விடும். காற்றுப்பைகள் சுருங்கும், ஆக்சிஜன் அளவு சரியும். இரவுப் பணியில் அவசரமாகப் படிப்பவர் அந்த ஓரெழுத்தைத் தவறவிடக் கூடாது. மற்ற விதிகள் இரண்டுக்கும் ஒன்றுதான்: முன்கூட்டியே ஆக்சிஜன் கூட்டுவது, குழாயை வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுவது, 15 வினாடிக்குள் முடிப்பது. கழற்றுவதா வேண்டாமா என்பதில்தான் குழப்பமே வரக் கூடாது.

மருத்துவர், யாழ்ப்பாணம்:
அப்படியென்றால் 'இணைப்பைக் கழற்றிச் சளி எடுத்தல்', 'இணைப்பைக் கழற்றாமல் சளி எடுத்தல்'. பக்கத்திலேயே ஓப்பன், குளோஸ்டு. 'கழற்றாமல்' தடித்த எழுத்தில்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை:
சரி, எனக்கும் சம்மதம்.

செவிலியப் பயிற்றுநர், மதுரை:
அப்படியே அனுப்புகிறேன். உறிஞ்சுகுழாய் திருத்திவிட்டேன் ஐயா. கோழை மட்டும் வேண்டாம். நோயாளியின் வீட்டார் காதில் விழுந்தால் வேறு பொருள் படும்.

தமிழாசிரியர், கும்பகோணம்:
அனுப்புங்கள் அம்மா, உயிர் முக்கியம். ஆனால் இவை விளக்கங்கள், கலைச்சொற்கள் அல்ல. அடுத்த பதிப்பின்போது கழற்றாவுறிஞ்சலை மீண்டும் இங்கே வைப்பேன்.