ஏ380 விமானத்தின் இறக்கை உடலுக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருப்பது ஏன்?

வானோக்கி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் அளவுகளை மற்ற பெரிய விமானங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு முரண் கண்ணில் பட்டது. உலகின் மிகப் பெரிய பயணியர் விமானம் என்று பெயர் பெற்ற இதன் நீளம் 72.7 மீட்டர்தான். போயிங் 747-8 இதைவிட நீளமானது (76.3 மீட்டர்), ஏர்பஸ்ஸின் சொந்த ஏ340-600 கூட 75 மீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் இறக்கைப் பரப்பு என்று வந்தால் ஏ380க்கு 845 சதுர மீட்டர் இருக்கிறது. போயிங் 777-300இஆர் விமானத்துக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். பக்கவாட்டுப் படங்களில் கட்டையான உடலும் அகன்ற இறக்கையுமாக அது தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வடிவமைத்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்? 251 விமானங்களோடு 2021இல் இதன் உற்பத்தி முடிந்து போனதற்கும் இந்த இறக்கைக்கும் தொடர்பு உண்டா? நான்கு எஞ்சின்கள்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வது எனக்கு முழுமையான விடையாகப் படவில்லை.

விசையுந்து எழுதியது:

உங்கள் கண்ணில் பட்டது சரியானதுதான். இன்று பறக்கும் ஏ380-800, ஒரு விமானக் குடும்பத்தின் சிறிய உறுப்பினராகவே திட்டமிடப்பட்டது. இதைவிட நீளமான 900 வகையும் ஒரு சரக்கு வகையும் பின்னால் வரும் என்று கணக்கிட்டு, அவற்றையும் தாங்கும்படி இறக்கை, வால் பகுதி ஆகியவற்றின் அளவை ஏர்பஸ் முடிவு செய்தது. வளரும் பிள்ளைக்கு இரண்டு அளவு கூட்டித் தைத்த சட்டையைப் போல. ஆனால் பிள்ளை வளரவில்லை. மொத்தம் சுமார் 530 கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகளின் வரைபடங்களை ஹாம்பர்க் ஆலையும் துலூஸ் ஆலையும் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் தயாரித்ததால், பொருத்தும் நேரத்தில் கம்பிகளின் நீளம் போதாமல் திட்டம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. அந்தக் குழப்பத்தில் ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் சரக்கு வகைக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. 900 வகையோ காகிதத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

இதன் விலையை எடையில் பார்க்கலாம். ஏ380இன் வெற்று எடை சுமார் 277 டன்; மூன்று வகுப்பு அமைப்பில் ஏர்பஸ் சொன்ன இருக்கைகள் 525. அதாவது ஓர் இருக்கைக்கு 528 கிலோ உலோகத்தைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். 777-300இஆர் 168 டன், 365 இருக்கைகள். வகுத்தால் 460 கிலோ. ஒவ்வொரு நிறுவனமும் இருக்கைகளை வேறு விதமாக அமைப்பதால் இந்த ஒப்பீடு கறாரானதல்ல என்றாலும், பெரிய விமானத்தில் இருக்கைக்கான எடை குறைய வேண்டிய இடத்தில் கூடியிருப்பது தெளிவாகவே தெரிகிறது.

இரண்டாவது காரணம் விமான நிலையங்கள். பெரிய விமானங்களுக்காக வகுக்கப்பட்ட நிறுத்துமிடங்களும் இணைப்புப் பாதைகளும் 80 மீட்டர் இறக்கை அகலத்தை (ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை) உச்ச வரம்பாகக் கொண்டவை; ஏ380இன் இறக்கை அகலம் 79.75 மீட்டர். பக்கவாட்டில் நீட்ட வழியில்லாதபோது, தேவையான பரப்பைப் பெற இறக்கையை முன்பின்னாக அகலப்படுத்துவது ஒன்றுதான் வழி. ஒல்லியான நீண்ட இறக்கை காற்றின் இழுவையைக் குறைக்கும் என்பது அடிப்படை விதி. இறக்கை எவ்வளவு ஒல்லி என்பதை அறிய, நுனிக்கு நுனி அகலத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் 777-300இஆருக்கு 9.6 வருகிறது, ஏ380க்கு 7.5தான் வருகிறது. போயிங் இதே சிக்கலை 777-9இல் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது: பறக்கும்போது 71.8 மீட்டராக இருக்கும் இறக்கை, தரையில் நுனியை மடித்துக்கொண்டு 64.8 மீட்டராகிவிடும்.

ஓடுதளம் எழுதியது:

நான் தரைப்பணியில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பெரிய இறக்கையால் ஒரு நன்மையும் உண்டு. 575 டன் வரை எடையோடு புறப்படக்கூடிய இந்த விமானம், தரையிறங்க வரும்போது 747ஐ விடக் குறைந்த வேகத்தில் வருகிறது. எடையை 22 சக்கரங்கள் பகிர்ந்துகொள்வதால், ஓடுபாதைக்குக் கொடுக்கும் அழுத்தமும் பலர் பயந்த அளவுக்கு இல்லை. எஞ்சின் காற்றை முன்புறமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சர் உடலை ஒட்டிய இரண்டு எஞ்சின்களுக்கு மட்டுமே உண்டு. வெளிப்புற எஞ்சின்கள் ஓடுபாதையின் ஓரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு வருவதால், அங்கே ரிவர்சர் இருந்தால் மண்ணும் கல்லும் உள்ளே இழுக்கப்படும்.

உண்மையான தலைவலி மேல்தளம்தான். சுமார் 8 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கதவுக்கு உணவு வண்டியை உயர்த்தத் தனி லாரி வேண்டும். பயணிகளுக்குத் தனி ஏரோபிரிட்ஜ் வேண்டும். இந்தியா 2014 ஜனவரியில் ஏ380க்கு அனுமதி அளித்தபோது தில்லி, மும்பை, ஐதராபாத், பெங்களூரு ஆகிய நான்கு நிலையங்களைத்தான் குறிப்பிட்டது. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை என்று அன்று இங்கே பலர் குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கலாம். ஆனால் அவசரகாலத்தில் மேல்தளத்திலிருந்து இறங்குவது பற்றிய பயம் தேவையற்றது. 2006 மார்ச்சில் ஹாம்பர்கில் நடந்த சோதனையில், 16 கதவுகளில் எட்டை மட்டும் திறந்து, இருட்டில், 873 பேர் 78 நொடிகளில் வெளியேறினார்கள். விதி அனுமதிக்கும் நேரம் 90 நொடிகள்.

மேகமூட்டம் எழுதியது:

நண்பர் விசையுந்து இறக்கைக்குச் சற்று அதிகப் பழியைக் கொடுக்கிறார் என்பது என் கருத்து. என்னைக் கேட்டால் காலம்தான் பெரிய குற்றவாளி. ஏ380 சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குத் தன் முதல் பயணியர் சேவையைத் தொடங்கியது 2007 அக்டோபரில். நான்கே ஆண்டுகளில் போயிங் 787 சேவைக்கு வந்து, எரிபொருளை மேலும் சிக்கனமாக எரிக்கும் அடுத்த தலைமுறை எஞ்சின்களைக் கொண்டுவந்துவிட்டது. ஏ380க்கு அந்த எஞ்சின்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. எமிரேட்ஸ் வெளிப்படையாகவே கேட்டும், ஒரே பெரிய வாடிக்கையாளருக்காக அந்தச் செலவைச் செய்ய யாரும் முன்வரவில்லை.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது சரக்கு. ஏ380இன் அடித்தளத்தில் எல்டி3 வகைக் கன்டெய்னர்கள் 38 அடங்கும். அதைவிடச் சிறிய 777-300இஆரில் 44 அடங்கும். ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி, ஒரு கன்டெய்னருக்கு 38 பெட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ380இல் பயணிகளின் பெட்டிகளுக்கே 21 கன்டெய்னர்கள் போய்விடும், மிஞ்சுவது 17. 777இல் 15 போனாலும் 29 மிஞ்சும். நீண்டதூரப் பாதைகளில் பல நிறுவனங்களின் லாபம் அந்த மிச்ச இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு முழு நீளத் தளங்களைப் பயணிகளுக்கே கொடுக்கும் வடிவத்தில் இது தவிர்க்க முடியாத விளைவு. இறக்கையைச் சிறிதாக்கியிருந்தாலும் இது மாறியிருக்காது.

வானோக்கி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சரக்கு இடத்தைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. இறக்கை தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டப்பட்டது என்றால், 2006இல் நடந்த வலிமைச் சோதனையில் அது இலக்கை எட்டும் முன்பே முறிந்தது எப்படி?

விசையுந்து எழுதியது:

நல்ல கேள்வி. பரப்பு வேறு, வலிமை வேறு. இறக்கையின் வெளி வடிவம் வருங்கால வகைகளுக்காகத் தீர்மானிக்கப்பட்டதே தவிர, உள்ளே இருக்கும் தகடுகளின் தடிமன் 800 வகையின் எடைக்கு ஏற்றபடி கிராம் கணக்குப் பார்த்துக் குறைக்கப்பட்டது. 900 வகை வந்திருந்தால் அதே வடிவத்துக்குள் தகடுகளைத் தடிப்பாக்கியிருப்பார்கள். பறக்கும்போது வரக்கூடிய உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. 2006 பிப்ரவரியில் துலூஸில் நடந்த சோதனையில் இறக்கை 147 சதவீதத்தில் முறிந்தது. வெறும் 3 சதவீதக் குறைவு என்பதே, தேவையற்ற உலோகம் உள்ளே எதுவும் விடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. குறிப்பிட்ட இடங்களில் சுமார் 30 கிலோ எடையைக் கூட்டி வலுப்படுத்திய பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் விமானத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. 2012இல் பேசப்பட்ட இறக்கை விரிசல்களை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை இறக்கையின் உள்ளே விலா எலும்புகள் போல இருக்கும் சட்டங்களை மேல்தோலோடு இணைக்கும் சிறு துண்டுகளில் வந்தவை. அங்கே பயன்படுத்திய அலுமினியக் கலவையும், பொருத்தும்போது அவற்றின் மேல் விழுந்த இறுக்கமும்தான் காரணமாக இருந்தன.