கம்ப்ரஸர் மாற்றி 2 மாதம்தான், மறுபடியும் கடகட சத்தம். அவசரம்

கோவைக்காரன்: 1.5 டன் ஸ்பிளிட் ஏசி. ஸ்டார்ட் ஆனதும் கடகடவென்று சத்தம், அப்புறம் ஆம்ப்ஸ் ஏறி ட்ரிப் ஆகிறது. வாடிக்கையாளர் வீட்டில் கைக்குழந்தை, நாளுக்கு நாலு போன் வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

செம்புக்குழாய்: என்ன கேஸ்? இன்வெர்டரா, சாதாரணமா? பைப் எத்தனை அடி? எதையும் சொல்லாமல் ஜோசியமா பார்ப்பது?

மின்னல்: கெப்பாசிட்டர்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

கோவைக்காரன்: ஆர் 410ஏ, சாதாரண மாடல், 10 அடி. கெப்பாசிட்டர் புதுசு.

பழைய_ஸ்பேனர்: ரோட்டரி கம்ப்ரஸரை ஒரு தடவை வெட்டிப் பார்த்தவன் இதைக் கேட்கமாட்டான் தம்பி. உள்ளே ரோலர் சுற்றும், அதன்மேல் வேன் தகடு உரசிக்கொண்டே நிற்கும். பின்னாலிருந்து ஸ்பிரிங்கும், அழுத்தி வெளியே தள்ளும் கேஸின் டிஸ்சார்ஜ் பிரஷரும் அதை அழுத்துகின்றன. தொடுகிற இடமோ ஒரு கோடு அளவு. அங்கே எண்ணெய்ப் படலம் கிழிந்தால் இரும்போடு இரும்பு. பழைய ஆர் 22 கேஸ் காலத்தில் கேஸில் குளோரின் இருந்தது. எண்ணெய் குறைந்தாலும் உரசும் இடத்தில் அதுவே ஒரு பூச்சு போட்டு ஓரளவு காப்பாற்றியது. 410இல் அது கிடையாது. என்ன எண்ணெய் என்று யாராவது கேட்டீர்களா?

மின்னல்: எந்த எண்ணெயாக இருந்தால் என்ன அண்ணே. நான் 410க்கே 22க்கு ஊற்றும் மினரல் எண்ணெயை ஊற்றி ஓட்டியிருக்கிறேன்.

செம்புக்குழாய்: ஓடும், கொஞ்ச நாள். 410 மினரலோடு கலக்காது. கேஸோடு கிளம்பிப்போகும் எண்ணெய் இன்டோர் காயிலில் தங்கிவிடும், கம்ப்ரஸர் அடியில் காய்ந்துபோகும். பிஓஇ மாதிரி செயற்கை எண்ணெய் என்றால்தான் கலந்து திரும்பி வரும்.

மின்னல்: பிஓஇ டப்பாவைத் திறந்தாலே காற்றின் ஈரத்தைக் குடித்து அமிலமாகிறது. அது நல்லதா?

செம்புக்குழாய்: டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அப்படித்தான். பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சும் வேக்கமும் ஒழுங்காகப் போடவேண்டும்.

மின்னல்: சர்வீஸுக்கு 800 ரூபாய் கொடுக்கவே பேரம் பேசுகிறார்கள், இதில் ஒரு மணி நேரம் வேக்கமா? நீங்கள் போடுகிறீர்களாக்கும்.

செம்புக்குழாய்: போடுகிறேன். அதனால்தான் 2 மாதத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. கோவைக்காரரே, கம்ப்ரஸர் எந்தக் கம்பெனி? ஸ்டிக்கரில் எண்ணெய் பெயர் இருக்கும்.

கோவைக்காரன்: ஸ்டிக்கர் இல்லை. அது வெட்டிச் சரிசெய்து வெல்டிங் வைத்தது. எண்ணெய் கடையிலேயே ஊற்றித் தந்தார்கள்.

பழைய_ஸ்பேனர்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பக்கம் மிச்சம்.

கோவைக்காரன்: புதுசு என்று நான் சொல்லவே இல்லையே அண்ணே.

செம்புக்குழாய்: சரி, கம்ப்ரஸரைக் கழற்றி, கேஸ் உள்ளே வரும் சக்ஷன் வழியாகக் கவிழ்த்து எண்ணெயை அளந்து பாருங்கள்.

பழைய_ஸ்பேனர்: சக்ஷன் வழியாக என்ன வரும்? ரோட்டரியில் சக்ஷன் நேராக சிலிண்டருக்குள் போகிறது. எண்ணெய் இருப்பது வெளிக்கூடான ஷெல்லில். மேலே டிஸ்சார்ஜ் வழியாகக் கவிழ்க்கவேண்டும்.

செம்புக்குழாய்: ஆமாம், தப்பு என்னுடையது.

(4 நாள் கழித்து)

கோவைக்காரன்: கவிழ்த்தேன். 100 மில்லிகூட வரவில்லை. கறுப்பாக, மினுமினு பொடியோடு. கடைக்காரர் 22க்கு ஊற்றும் மினரலைத்தான் ஊற்றினாராம். வேறு கம்ப்ரஸர் போட்டாயிற்று. நன்றி.

செம்புக்குழாய்: காயிலையும் லைனையும் ஃபிளஷ் செய்து கழுவினீர்களா? பழைய எண்ணெயும் பொடியும் அங்கேயே கிடக்குமே. ஃபில்டர் மாற்றினீர்களா?

மின்னல்: கெப்பாசிட்டர்?

செம்புக்குழாய்: கோவைக்காரரே, இருக்கிறீர்களா?