சுத்தப் பட்டு என்று விற்ற சேலை பட்டாக இல்லை: பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஃபேஸ்புக் நேரலையில் சேலை விற்கும் உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம் அண்மையில் 680 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) ஒரு காஞ்சிபுரச் சேலை வாங்கினேன். நேரலையில் அதை விரித்துக் காட்டியபோது, ‘சுத்தப் பட்டு, வெள்ளி ஜரிகை’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பணம் அனுப்பும் முன் நான் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கும் ‘பியூர் சில்க்தான் அக்கா’ என்று எழுதினார். என் மகளின் நிச்சயதார்த்தத்திற்காக வாங்கிய சேலை அது. ஃபால்ஸ் அடிப்பதற்காகத் தேக்காவில் ஒரு தையல்காரரிடம் கொண்டு போனபோது, அவர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது பட்டாகத் தெரியவில்லை, விற்றவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு தையல்கூடப் போடாமல் திருப்பித் தந்துவிட்டார்.

விற்பனையாளரிடம் கேட்டால், நேரலையில் வாங்கிய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை, மாற்றித் தருவதுமில்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டதாகச் சொல்கிறார். வேண்டுமானால் அடுத்த முறை வாங்கும்போது 100 வெள்ளி கழித்துக்கொள்ளலாம் என்கிறார். பேநவ் என்னும் வங்கிவழி உடனடிப் பணப் பரிமாற்றம் மூலம் பணம் கட்டினேன். ரசீது எதுவும் தரவில்லை. அவர் செய்த அறிவிப்பு சட்டப்படி செல்லுமா? முழுப் பணத்தையும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொங்கோல் ராயர்:

வணக்கம் சகோதரி. வாங்கியவருக்கு நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால், சிங்கப்பூரில் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இடத்தில் ‘திரும்பப் பெறுவதில்லை’ என்ற அறிவிப்பு செல்லும். ஆனால் சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்னும்போது அந்த அறிவிப்பால் விற்பனையாளருக்குப் பயனில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வர்ணனையைச் சொல்லி விற்கப்படும் பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. வணிகர் ஒருவர் பயனீட்டாளரிடம் அந்த நிபந்தனையை ஓர் அறிவிப்பின் மூலம் விலக்கிக்கொள்ள முடியாது.

பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் சட்டம்’ என்று நாம் சொல்லும், குறையுள்ள பொருள்களுக்கான பகுதியும் உங்களுக்குத் துணை நிற்கிறது. பொருளை ஒப்படைத்த 6 மாதத்திற்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டவேண்டியது விற்றவரின் பொறுப்பு. அந்தச் சட்டத்தின் வழியில் போனால், முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கவேண்டும்; அது முடியாதபோதும், நியாயமான காலத்திற்குள் நடக்காதபோதும்தான் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். பட்டில்லாத சேலையைப் பழுதுபார்த்துப் பட்டாக்க முடியாது என்பதால், மாற்றுச் சேலை ஒன்றுதான் அங்கே மிச்சம். ஏமாற்றியவரிடம் இன்னொரு சேலையை நம்பி வாங்க உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். ஆகவே, மாற்றுச் சேலை கேட்காமல், ‘வர்ணனைக்கு ஒத்துவராத பொருளை நான் ஏற்கவில்லை, முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்’ என்று இப்போதே எழுத்தில் அனுப்புவதே நல்லது. பொருளை ஏற்க மறுக்கும் அந்த உரிமையைத் தாமதமின்றிப் பயன்படுத்த வேண்டும். பொருளை நீண்ட நாள் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். அந்த 100 வெள்ளிச் சலுகையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

நெசவாளர் மகள்:

அக்கா, சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், முதலில் சேலையைக் காப்பாற்றுங்கள். ரவிக்கைத் துணியை வெட்டாதீர்கள், குஞ்சம் முடியாதீர்கள், ஃபால்ஸ் அடிக்காதீர்கள், ஒரு முறைகூட உடுத்தாதீர்கள். அந்தத் தையல்காரர் ஊசி போடாமல் திருப்பித் தந்தது உங்களுக்குச் செய்த பேருதவி.

சேலை பட்டா இல்லையா என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முந்தானை ஓரத்தில் தொங்கும் இழைகளிலிருந்து பாவு நூலையும் (நீளவாக்கில் ஓடுவது), அதே ஓரத்திலிருந்து ஊடை நூலையும் (குறுக்காக ஓடுவது) தனித்தனியாகப் பிரித்தெடுத்து எரித்துப் பாருங்கள். பாவில் பட்டும் ஊடையில் பாலியெஸ்டரும் வைத்து நெய்த சேலைகள் சந்தையில் நிறைய இருப்பதால், ஒரு நூலை மட்டும் எரித்துவிட்டு ‘பட்டுதான்’ என்று ஏமாந்துபோகிறவர்கள் பலர். பட்டு எரியும்போது முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்தால் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றுவிடும். ஜரிகை இழையைச் சுரண்டிப் பார்த்தால், பழைய முறையில் செய்த அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும்; வெறும் பளபளப்புத் தாளாக உரிந்தால் அது பிளாஸ்டிக் ஜரிகை. இதையெல்லாம் வேறொருவர் முன்னிலையில் காணொளி எடுத்துக்கொண்டு செய்யுங்கள். இருந்தாலும் வீட்டில் செய்த சோதனையை எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும். அதனால் துணிப் பரிசோதனைக் கூடத்திடமோ பல ஆண்டுகளாகப் பட்டு விற்கும் கடையிடமோ எழுத்தில் ஒரு கருத்து வாங்கிவிடுங்கள்.

‘காஞ்சிபுரம்’ என்று சொன்னதும் வர்ணனைதான். இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது; பட்டில்லாத சேலைக்கு அந்தப் பெயரை வைத்துக் காசு பார்ப்பதை நெசவுக் குடும்பத்தில் பிறந்த என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஈசூன்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. பாவு நூல் பட்டுப் போலவே கருகியது. ஊடை நூல் உருகி மணியாகிவிட்டது. நேற்று இதைச் சொல்லி எழுதியதற்கு, தாம் வீட்டிலிருந்து விற்பவர், கடை வைத்திருப்பவர் அல்லர், ஆகவே இந்தச் சட்டங்கள் தம்மைக் கட்டுப்படுத்தா என்று பதில் வந்தது. காஞ்சிபுரத்தில் கொள்முதல் செய்த இடத்தில் சொன்னதைத்தான் தாமும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.

பொங்கோல் ராயர்:

இரண்டு வாதங்களும் நிற்கமாட்டா. வாராவாரம் நேரலை வைத்து லாபத்திற்கு விற்பவர் வீட்டிலிருந்து விற்றாலும் வணிகர்தான். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13ஆவது பிரிவோ வணிகர், தனியாள் என்ற வேறுபாட்டையே பார்ப்பதில்லை. அவர் உண்மையிலேயே நம்பிச் சொல்லியிருந்தாலும், உங்களிடம் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு அவருடையது. தமக்கு விற்றவரிடம் அவர் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பை அணுகலாம். அவர்கள் பேச்சுவார்த்தைக்கும் சமரசத்திற்கும் உதவுவார்கள், ஆனால் விற்பனையாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனுச் செய்யுங்கள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, அங்கே விசாரிக்கிறார்கள். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் யாரும் உங்களுக்காக வாதாட முடியாது, அவருக்காகவும் முடியாது. ஆகவே நீங்கள் கொண்டுபோகும் சான்றுகள்தான் பேசவேண்டும். நடைமுறை ஆங்கிலத்தில் நடப்பதால், நேரலையில் அவர் தமிழில் சொன்ன முக்கியமான வாக்கியங்களை, அவை வரும் நிமிடத்தைக் குறித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் எதிர்த்தரப்பின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். பேநவ் அனுப்பியபோது தோன்றிய பெயரைப் பாருங்கள். பதிவு செய்த வணிகமாக இருந்தால், வணிகங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடலாம். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தும் அவர் பணம் கட்டாவிட்டால், அதை நிறைவேற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் செலவும் ஆகும். எனவே மனுச் செய்த பிறகு இணையத்திலேயே பேசித் தீர்க்கும் வாய்ப்பு வரும்போது, முழுத் தொகைக்கு அவர் இறங்கி வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஜூரோங் சேலைக்கடை:

நானும் வீட்டிலிருந்து நேரலையில் விற்பவள். பட்டோடு வேறு நூல் கலந்த செமி சில்க் சேலையைச் செமி சில்க் என்று சொல்லியே விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறார்கள். அதை மறைத்து விற்பவர்களால் எங்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுகிறது.

சகோதரி, மற்ற எல்லாவற்றுக்கும் முன் இன்றைக்கே அந்த நேரலைக் காணொளியைப் பதிவிறக்கம் செய்யுங்கள். 2025 பிப்ரவரி முதல் ஃபேஸ்புக் நேரலைப் பதிவுகளை 30 நாள்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறது, அதன்பின் தானாக நீங்கிவிடும். விற்பனையாளர் அதற்கு முன்பே நீக்கிவிடவும் முடியும். பதிவிறக்க முடியாவிட்டால், அவர் சேலையைக் காட்டிப் பேசும் பகுதியைத் திரைப்பதிவு செய்யுங்கள். ‘புக்ட்’ என்று நீங்கள் கருத்துப் பகுதியில் எழுதியது, அதற்கு அவர் சொன்ன விலை, வாட்ஸ்அப் உரையாடல், பேநவ் பரிவர்த்தனை எண் ஆகியவை இருந்தால் ரசீது இல்லாததைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சேலையைத் திருப்பித் தரும் நாளிலும், பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே கைமாற்றுங்கள்.

ஈசூன்வாசி:

காணொளி இன்னும் இருக்கிறது, இப்போதுதான் இறக்கி வைத்தேன். 7 நாள் அவகாசம் கொடுத்து, ஐயா சொன்னபடி எழுத்தில் அனுப்பிவிட்டேன். சிராங்கூன் சாலையில் ஒரு பட்டுக்கடையில் எழுத்தில் கருத்துத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். அது கைக்கு வந்ததும் மனுவைத் தயார் செய்துவிடுகிறேன்.