புது உப்புநீர் டேங்கில் அனிமோன் சுருங்கிக்கொண்டே போகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். என்னுடையது 120 லிட்டர் உப்புநீர் டேங்க். தண்ணீர் ஊற்றி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன் (அனிமோனுக்குள் தங்கும் பழக்கமுள்ள மீன்) இருக்கிறது. ஒன்பது நாளைக்கு முன் ஒரு பபிள் டிப் அனிமோன் (பூ மாதிரி கைகளை விரிக்கும் கடல் உயிரி) வாங்கி விட்டேன். முதல் மூன்று நாள் நன்றாக விரிந்து நின்றது. நான்காம் நாளிலிருந்து ஓரிடத்தில் இருப்பதில்லை. கண்ணாடியில் ஏறுகிறது, பாறைக்குப் பின்னால் போய் ஒளிகிறது, மத்தியானம் ஆனால் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. நேற்று ராத்திரி வாய் லேசாகத் திறந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம், வெப்பம் 26 டிகிரி. உப்பு 1.025 (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) காட்டுகிறது. தினமும் ஒரு முழு இறால் கொடுக்கிறேன், இரண்டு நாளாக அதையும் துப்பிவிடுகிறது. செத்துக்கொண்டிருக்கிறதா? வெளியே எடுத்துவிடட்டுமா?

முதல் பதில்:
அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அனிமோனுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் வாய் ஒன்றுதான் வழி. கழிவை வெளியேற்ற உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் விட்டுச் சுருங்கும், சில மணி நேரத்தில் திரும்ப விரியும். அது நோய் இல்லை.

பாதம், அதாவது அடியில் ஒட்டும் பகுதி, பாறையையோ கண்ணாடியையோ கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் உயிர்ப்பிடிப்பு இருக்கிறது. வாய் அகலப் பிளந்து குடல் வெளியே தள்ளி, தொட்டால் சதை நூல் நூலாகப் பிரிந்து, நாற்றமும் அடித்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். சின்ன டேங்கில் ஒரு அனிமோன் அழுகினால் அம்மோனியா ஏறி மீன்களும் போய்விடும்.

இன்று ராத்திரிக்குள் செய்ய வேண்டியது ஒன்று: பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) தண்ணீர் இழுக்கும் பக்கத்துக்கு ஸ்பான்ஜ் மாட்டுங்கள். நடக்கிற அனிமோன் அதில் சிக்கினால் பிழைப்பது கடினம். ஒட்டிய இடத்திலிருந்து பிடித்து இழுக்கவும் வேண்டாம், பாதம் கிழியும்.

நிறம் எப்படி இருக்கிறது? ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறீர்கள்? உப்பை எதில் அளக்கிறீர்கள்?

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஸ்பான்ஜ் மாட்டிவிட்டேன். உடம்பு பழுப்பு நிறம்தான், நுனி மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. பாதம் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. தினமும் ஒரு லிட்டர் குறைகிறது. முன்பெல்லாம் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினேன். அனிமோன் வந்த பிறகு உப்பு குறைந்துவிடுமோ என்று பயந்து உப்புத் தண்ணீரே கலந்து ஊற்றுகிறேன். அளப்பது முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில்.

இன்னொரு பதில்:
சிக்கல் இங்கேதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு டேங்கிலேயே தங்கிவிடும். மூடி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும், விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒன்பது நாளில் 315 கிராம் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். 35-இல் ஆரம்பித்திருந்தால் இப்போது லிட்டருக்கு 37-ஐத் தாண்டியிருக்கும். மீன் ஓரளவு தாங்கும். அனிமோனுக்கு உப்பு இப்படித் தினமும் ஏறினால் தாங்காது.

அப்படியானால் முள் ஏன் 1.025 காட்டுகிறது? முள்ளில் ஒரு நீர்க்குமிழி ஒட்டினாலோ உப்பு படிந்தாலோ அது தப்பாகத்தான் காட்டும். யாரிடமாவது ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) இரவல் வாங்குங்கள். 35 அளவுள்ள (அடர்த்தியில் சுமார் 1.026) கேலிப்ரேஷன் திரவத்தில் சரிபார்த்த பிறகு அளந்து பாருங்கள்.

அதிகம் என்று தெரிந்தால் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். தினமும் இரண்டு லிட்டர் டேங்க் தண்ணீரை எடுத்துவிட்டு அதே வெப்பத்தில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், நான்கு நாளில் சரியாகிவிடும். ஆவியாவதற்கு இனி எப்போதும் ஆர்ஓ தண்ணீர்தான். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, காலை மாலை அந்தக் கோடு வரை ஊற்றிவிடுங்கள்.

மூன்றாவது பதில்:
மேலே சொன்னதோடு சாப்பாட்டையும் குறையுங்கள். தினம் ஒரு முழு இறால் மிக அதிகம். அது துப்பியது அழுகித்தான் நைட்ரேட் ஏறுகிறது. பட்டாணி அளவுத் துண்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும், அதுவும் நன்றாக விரிந்த பிறகு. அதன் உடம்புக்குள் வாழும் பாசிதான் வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. அந்தப் பழுப்பு நிறமே அந்தப் பாசியுடையது. உடம்பு முழுக்க வெளுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நடக்கிறது என்று பாறையை மாற்றி மாற்றி வைக்காதீர்கள். வெளிச்சமும் நீரோட்டமும் ஒத்துவருகிற, பாதத்தை ஒளிக்கப் பொந்து இருக்கிற இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். மீனுக்கு நோய் வந்தாலும் செம்பு கலந்த மருந்தை இந்த டேங்கில் ஊற்றவே கூடாது.

இரண்டு மாத டேங்க் அனிமோனுக்குச் சின்னப் பிள்ளை. ஆறு மாதமாவது பொறுத்திருந்தால் நல்லது, சரி, வாங்கியாகிவிட்டது. இனி எதையும் திடீரென்று மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியல் 1828-இல் கடலோரத்திலிருந்து எடுத்த ஓர் அனிமோன், 1887 வரை கண்ணாடிப் பாத்திரத்திலேயே உயிரோடு இருந்தது. அது குளிர்ந்த கடலின் வேறு இனம். ஆனாலும் வீட்டில் வைத்து இத்தனை வருடம் காப்பாற்ற முடியும் என்று நினைக்கும்போதே எனக்கு மனது நிறைகிறது.

கேட்டவர், பன்னிரண்டு நாள் கழித்து:
ரிஃப்ராக்டோமீட்டரில் 1.028 காட்டியது! நீங்கள் சொன்னபடி நான்கு நாளில் இறக்கினேன், இப்போது 1.026. இரண்டு நாள் இன்னும் அலைந்தது. அப்புறம் நடுப்பாறையின் வெடிப்பில் பாதத்தை நுழைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் இடுக்கியில் ஒரு சின்ன இறால் துண்டை நீட்டினேன். தொட்டதும் கைகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மடிந்து வாய்க்குக் கொண்டுபோயின. ராத்திரி வரை உட்கார்ந்து பார்த்தேன், துப்பவில்லை. க்ளவுன் மீன்கள் இன்னும் கிட்டே போகவில்லை, ஹீட்டர் பக்கத்திலேயேதான் தூங்குகின்றன.

முதல் பதில் எழுதியவர்:
அது போதும். அவை போகும்போது போகட்டும், அனிமோன் பிழைக்க க்ளவுன் மீன் தேவையில்லை. தினமும் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.