புதுப்பிப்பு: கரண்ட் போனதும் ஆபீஸ் இன்டர்காம் நின்றுபோவது – காரணம் கிடைத்துவிட்டது

மின்தடை வந்தால் எங்கள் ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) பத்தே நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, நான்கு பேட்டரியும் நன்றாக சார்ஜ் ஆகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒவ்வொன்றாக அளந்து பார்க்கச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. அங்கேதான் இருந்தது கோளாறு.

மொத்த வோல்டேஜை மட்டுமே பார்த்து வந்தேன். சார்ஜில் இருக்கும்போது 54 காட்டியது, நம்பிவிட்டேன். சனிக்கிழமை மெயினை அணைத்து, பேட்டரியில் ஓடவிட்டு தனித்தனியாக மல்டிமீட்டர் வைத்தேன். மூன்று 12.4-இல் நின்றன. நாலாவது கண்ணெதிரே 11, 10, 9 என்று இறங்கியது. வெளியே எடுத்தால், பக்கவாட்டில் வீங்கி, டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தது. 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து 48 ஆக்கியிருக்கிறார்கள். ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும்.

கெட்டதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார்கள். பழையதோடு புதியதைக் கோத்தால் புதியதும் சீக்கிரம் கெடும். அதனால் நான்கையும் மாற்றினேன், அதே 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவு. நேற்று சோதித்தோம், நாலு மணி நேரம் தாண்டியும் ஓடியது.

அப்புறம் ஒன்று. வெளிலைன் ஃபைபரில் வருகிறது. அந்த மோடத்துக்குத் தனி பேக்கப் இல்லாததால் உள்ளே பேசலாம், வெளியே பேச முடியாது. இரவில் செக்யூரிட்டி அண்ணன் தனியாக இருப்பார், அவசரத்துக்கு அவருக்கு அந்த போன்தான். இந்த வாரமே மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குகிறேன்.